பூச்சி கேம்: கோத்தகிரி பேக்கரியில் ஒரு ரெட்ரோ விண்வெளி ஷூட்டர் ஏழு மாதம் ஓடிய கதை

கோத்தகிரியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. அக்கா மகள் கோவையில் படிப்பை முடித்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறாள். போன கோடையில் அவள் ஒரு விண்வெளி ஷூட்டிங் கேம் எழுதினாள். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் மெஷின்களின் பாணி: கீழே ஒரு கப்பல், மேலே வரிசை வரிசையாகப் பூச்சிகள். நான் அதற்கு ஒரு மரப்பெட்டி அடித்து, கடைக்கு வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உள்ளே வைத்தேன். எதிர்வரிசைப் பேக்கரிக்காரர் பின்பக்க அறையில் இடம் கொடுத்தார். டீ, வர்க்கி எது வாங்கினாலும் ஒரு ஆட்டம் இலவசம். மே மாதம் வைத்தோம்; நவம்பர் வரை நான் கூடவே இருந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த ஆய்வு என்று சொன்னால் அது ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரே ஒரு கேள்வியும்தான். ஆட்டம் முடிந்து திரும்புகிறவரிடம் "எப்படி அவுட் ஆனீங்க?" என்று கேட்பேன். சொன்ன பதிலை அப்படியே குறித்துக்கொள்வேன். நல்லா இருக்கா, பிடிச்சிருக்கா என்றெல்லாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எப்படி அவுட் ஆனோம் என்பதை மட்டும் யாரும் மரியாதைக்காக மாற்றிச் சொல்வதில்லை.

ஒரே ஒரு குண்டு

முதல் பதிப்பில் 40 பூச்சிகள், ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பட்டன். நம் குண்டு திரையில் இருக்கும்வரை அடுத்த குண்டு வராது. இது அவள் கண்டுபிடித்ததல்ல. டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற ஆர்கேட் கேமில் இதே விதிதான். 1981இல் நாம்கோ வெளியிட்ட கேலகாவில் ஒரே நேரத்தில் இரண்டு குண்டு. எங்கள் திரை 240 புள்ளி அகலம், 320 புள்ளி உயரம். குண்டு கப்பலிலிருந்து மேல் ஓரம் போக 60 பிரேம் (திரையில் மாறி மாறி வரும் படம் ஒவ்வொன்றும் ஒரு பிரேம்), அதாவது ஒரு நொடி. குறி தப்பினால் அந்த ஒரு நொடி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அருகில் வந்த பூச்சியை அடித்தால் குண்டு உடனே திரும்பக் கிடைக்கும். ஆக, பயந்து தூரத்திலிருந்து சுடுகிறவனுக்கு மெதுவான துப்பாக்கி. துணிந்து கிட்டே விட்டுச் சுடுகிறவனுக்கு வேகமான துப்பாக்கி. இந்த ஒரு விதியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்! சொல்லித்தர ஆளில்லாமல், மூன்றாவது ஆட்டத்திலேயே குழந்தைகள் இதைப் பிடித்துவிட்டார்கள்.

ஜூன் மாதம் அவள் ஒரு மாற்றம் கொண்டுவந்தாள். பட்டனை அழுத்திப் பிடித்தால் குண்டு தொடர்ந்து பாயும். திரை பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்த வாரம் அறைக்குள் சத்தமே இல்லை. எல்லோரும் பட்டனைப் பிடித்தபடி கப்பலை இடமும் வலமும் பெருக்கித் தள்ளினார்கள். "ஐயோ போச்சு" என்று ஒருவரும் கத்தவில்லை, ஏனென்றால் தவறவிட எதுவும் இல்லை. பத்து நாளில் பழைய விதிக்கே திரும்பினோம். இந்த விளையாட்டின் முதல் பலம் எது என்று என்னைக் கேட்டால் அந்த ஒற்றைக் குண்டைத்தான் சொல்வேன்.

இரண்டாவது பலம், பூச்சிகள் குறையக் குறைய மீதி இருப்பவை வேகமெடுப்பது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இது திட்டமிட்டு வந்ததல்ல. அந்தக் காலத்து சிப்பால் ஒரு பிரேமுக்கு ஒரு வேற்றுக்கிரகவாசியைத்தான் நகர்த்த முடிந்தது. 55 பேர் இருக்கும்போது எல்லோரும் ஒரு அடி வைக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஒருவன் மட்டும் மிஞ்சினால் அவன் ஒவ்வொரு பிரேமும் ஓடுவான். நிஷிகாடோ அது நன்றாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். இன்றைய கம்ப்யூட்டருக்கு 40 பூச்சிகளை நகர்த்துவது ஒரு வேலையே இல்லை. அதனால் அவள் வேண்டுமென்றே "ஒரு பிரேமுக்கு ஒரு பூச்சி" என்று எழுதினாள். கூடவே கனமான நாலு சுரம், பூச்சி குறையக் குறைய வேகமெடுக்கும். கடைசிப் பூச்சி ஓடும்போது முன்பக்கம் டீ ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு பட்டன் போதும் என்ற முடிவுக்கும் சுற்றித்தான் வந்தோம். நடுவில் வெடிகுண்டுக்கு ஒன்று, தப்பிப்பதற்கு ஒன்று என்று மூன்று பட்டன் ஆனது. யூஜின் ஜார்விஸ் வில்லியம்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய டிஃபெண்டரில் ஒரு ஜாய்ஸ்டிக்கும் ஐந்து பட்டனும் உண்டு, அதை விரும்பி ஆடியவர்கள் ஏராளம். ஆனால் ஒரு கையில் டீ டம்ளரோடு வருகிறவருக்கு மூன்று பட்டன் அதிகம். எடுத்துவிட்டோம்.

"தெரியலண்ணா"

மே மாத நோட்டைப் புரட்டினால் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப இருக்கிறது. "தெரியலண்ணா." "எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல." "என் மேல படவே இல்லைங்க." ஒரு ஷூட்டிங் கேமுக்கு இதைவிட மோசமான குறை கிடையாது என்பது என் கருத்து. ஆட்டம் எவ்வளவு கடினமாகவும் இருக்கலாம். செத்தது எப்படி என்று மட்டும் ஆடுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் இன்னொரு டீ சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் நிற்பார். தெரியாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

"தெரியல" என்பதற்குப் பின்னால் மூன்று வேறு வேறு காரணங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்துக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

முதலாவது நிறம். அவள் பின்னணியில் ஊதா நிற நெபுலா, அதாவது விண்வெளி மேகம், வரைந்திருந்தாள். எதிரிக் குண்டு இளஞ்சிவப்பு. அவள் அறையில், இரவில், நல்ல திரையில் இரண்டும் பிரிந்து தெரிந்தன. பேக்கரி அறையில் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் அந்த ஜன்னல் முழுக்க வெள்ளையாகி, அந்த வெளிச்சம் திரையில் விழும். ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒரே சாம்பல் ஆகிவிடும். ஒரு நாள் எஸ்டேட் லாரி ஓட்டுநர் ஒருவர் ஆடினார். கப்பலுக்குப் பலம் தரும் பச்சைப் பரிசைப் பிடிக்கப் போய் இளஞ்சிவப்புக் குண்டில் மோதினார். மறுபடியும் அதேபோல மோதினார். "ரெண்டும் ஒண்ணாத்தானே தம்பி இருக்கு" என்றார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிவதில்லை. அன்றைக்கு இரவே அவளுக்குப் போன் செய்தேன். பின்னணி கறுப்பானது. எதிரிக் குண்டு எல்லாம் வெள்ளை மையமும் மஞ்சள் விளிம்பும் கொண்ட வட்டம். பரிசு எல்லாம் சதுரம், மெதுவாகத் துடிக்கும். நிறத்தை நம்பாமல் வடிவத்தை நம்பினால் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது காரணம் அவள் எழுதிய புரோகிராமுக்குள் இருந்தது. கப்பல் 16க்கு 16 புள்ளிச் சதுரத்தில் வரைந்த முக்கோணம். குண்டு மோதியதா என்று பார்க்கும் கணக்கோ முழுச் சதுரத்துக்கும். சதுரத்துக்குள் முக்கோணம் வரைந்தால் அது சரிபாதி இடத்தைத்தான் நிரப்பும். மீதிப் பாதி வெறும் வானம். ஆனால் அங்கே குண்டு பட்டாலும் சாவுதான். "மேல படவே இல்லை" என்று சொன்ன ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்! கேவ் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த டோடொன்பாச்சி போன்ற குண்டுமழை விளையாட்டுகளில் கப்பல் பெரிதாகத் தெரிந்தாலும் அடிபடும் இடம் நடுவில் ஒரு சின்னப் பகுதிதான். நாங்களும் நடுவில் 4க்கு 4 புள்ளி என்று சுருக்கி, அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தோம். அந்தப் பொட்டில் பட்டால்தான் அவுட். இறக்கையை உரசிக்கொண்டு குண்டு போகும்போது ஆடுகிறவர் மூச்சைப் பிடிப்பார் பாருங்கள், அதற்காகவே மறுபடி மறுபடி வந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, திரை. ஆரம்பத்தில் ஒரு எல்.இ.டி. டிவியை வைத்திருந்தோம். டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குச் சில பிரேம் எடுத்துக்கொள்ளும். ஒரு பிரேம் என்பது 17 மில்லிநொடிதான், ஆனால் நாலைந்து சேர்ந்தால் கை நகர்ந்த பிறகு கப்பல் நகர்வதுபோல இருக்கும். பழைய படக்குழாய்த் திரைகளில் இந்தத் தாமதம் இல்லை. டிவியில் கேம் மோட் (மெருகேற்றாமல் உடனே காட்டும் வசதி) இருந்தால் அதைப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதில் அது இல்லை. அதனால் ஒரு பழைய 17 அங்குல மானிட்டரை நெட்டுக்குத்தலாகத் திருப்பி மாட்டினேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸ், கேலகா இரண்டுக்குமே திரை அப்படி நிமிர்ந்துதான் இருக்கும். பூச்சி மேலிருந்து இறங்கக் கூடுதல் தூரம் கிடைக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும்.

தாமதம் போயிற்று. புதிதாக இன்னொன்று வந்தது. அந்த வகை மலிவு மானிட்டரை நேராக வைத்திருக்கும்போது கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் படம் கறுத்துப்போகும். அதைப் பக்கவாட்டில் திருப்பினால் அந்தக் கோளாறும் கூடவே திரும்பிவிடும். இப்போது வலப்பக்கம் நிற்கிறவருக்கு நிறமெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. வேடிக்கை பார்க்கும் பையன்கள் எல்லாம் ஆடுகிறவரின் இடத்தோளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். இது இன்றுவரை தீரவில்லை. எல்லாப் பக்கமும் ஒரேபோல் தெரியும் மானிட்டர் ஒன்று கடைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

எட்டுக்கு எட்டில் அடங்காத எழுத்து

பழைய ஆர்கேட்களின் மகிழ்ச்சியில் பாதி, ஸ்கோர் பட்டியலில் பெயர் போடுவதில் இருக்கிறது. மூன்று ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். அவள் தமிழில் போடலாம் என்றாள். ரெட்ரோ தோற்றம் வேண்டும் என்பதற்காக 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் எழுத்துகளை வரைந்தாள். அந்தக் காலத்து மெஷின்களின் எழுத்துக் கட்டம் அதுதான்.

ஆங்கிலப் பெரிய எழுத்து எட்டுப் புள்ளியில் அழகாக உட்காரும். நம் எழுத்து உட்காராது. ண, ன இரண்டுக்கும் சுழியில்தான் வித்தியாசம். எட்டுப் புள்ளி அகலத்தில் அந்தக் கூடுதல் சுழிக்கு இடமே இல்லை. கண்ணன் என்று போட்ட பையன் திரையில் "கன்னன்" என்று பார்த்துவிட்டு, "அண்ணா, இது என் பேரு இல்லை" என்றான். புள்ளி வைத்த எழுத்துக்கு மேலே ஒரு வரிசை போய்விடும், கு, து போன்றவற்றுக்குக் கீழே ஒரு வரிசை போய்விடும். நடுவில் மிஞ்சுவது ஆறு வரிசை. ணை, ஞ எல்லாம் வெறும் கறை.

ரெட்ரோ என்பதற்காகப் பிறர் எழுத்துக்குத் தைத்த சட்டையை நாம் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்தாள். உயரம் 14 புள்ளி, அகலம் எழுத்துக்குத் தக்கபடி. புள்ளிகள் தெரியும்படி இருப்பதால் பழைய மெஷின் முகம் மாறவில்லை, ஆனால் ண ணவாகவே இருக்கிறது.

அடுத்து, 247 எழுத்தை ஜாய்ஸ்டிக்கால் தேடுவது எப்படி? முதலில் அ முதல் வரிசையாக உருட்டச் செய்தாள். "னி" வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். பிறகு மேலும் கீழும் தள்ளினால் க, ங, ச. பக்கவாட்டில் தள்ளினால் க, கா, கி, கீ என்று மாற்றினாள். ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணையேதான். அதன் பிறகு யாருக்கும் விளக்கவே தேவைப்படவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் பெயரின் தலை மட்டும்தான் வரும். தமிழில் க-வி-தா, ர-மே-ஷ் என்று முழுப் பெயரே மூன்றில் வந்துவிடுகிறது. நாங்கள் ஐந்து இடம் கொடுத்தோம். பேருந்து வரும்வரை ஆடிவிட்டுப் போகிற பிள்ளைகள் மறுநாள் காலையில் தங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார்கள்.

நாலாவது ஸ்டேஜ்

இந்த விளையாட்டின் பெரிய பலவீனம் இங்கே இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜ்வரை நான்கு பரிசுகளைச் சேர்த்தால் கப்பல் பலமாகிவிடும். நாலாவது ஸ்டேஜ் அந்தப் பலத்தைக் கணக்கில் வைத்து அமைத்தது. அங்கே ஒரு உயிர் போனால் எல்லாப் பரிசும் போய்விடும். வெறும் துப்பாக்கியோடு, சுற்றிலும் பூச்சிகள் இருக்க, மறுபடி பிறக்க வேண்டும். மீதி இரண்டு உயிரும் சில நொடிகளில் கரைந்துவிடும். கொனாமியின் கிராடியஸில், 1985இல் வந்தது, இதே சிக்கல் உண்டு. ஒரு தடவை விழுந்தால் எழுவதே பெரும்பாடு. மூன்று உயிர் என்று பெயருக்குத்தான் இருக்கிறது, உண்மையில் இருப்பது ஒன்று.

கேலகா இதற்கு நேர்மாறாக யோசித்திருக்கிறது. அங்கே எதிரித் தலைவன் கதிர் வீசி நம் கப்பலைப் பிடித்துக்கொண்டு போவான். அவனைச் சரியாக அடித்தால் அந்தக் கப்பல் திரும்ப வந்து நம்மோடு ஒட்டிக்கொள்ளும். இரட்டைத் துப்பாக்கி கிடைக்கும், ஆனால் உடம்பும் இரட்டிப்பு அகலம், அடிபடுவது எளிது. இழப்பிலிருந்தே பலம் வருகிறது. அந்தப் பலத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. எங்கள் விளையாட்டில் இழப்பு வெறும் இழப்பாகவே இருந்தது. ஆகஸ்டில் ஒரு திருத்தம் செய்தோம். கப்பல் வெடிக்கும்போது பரிசுகளில் இரண்டு சிதறி மெதுவாகக் கீழே விழும், புதிய கப்பல் ஓடிப்போய்ப் பிடிக்கலாம். நிலைமை பாதி தேறியது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

இதில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதே கேமை அவள் தன் தோழிகளுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடக் கொடுத்தாள். அவர்கள் நாலாவது ஸ்டேஜோடு நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து மூன்று ஸ்டேஜை ஆட அலுப்பாக இருக்கிறது என்றார்கள். பேக்கரியில் அந்தப் புகார் வரவே இல்லை. காரணம் எளிது. ஆர்கேட்டில் மூன்று உயிர், முதலிலிருந்து தொடக்கம் எல்லாம் காசுப் பெட்டியோடு பிறந்த விதிகள். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்தவர் காசு போடுவார். பேக்கரியில் காசுக்குப் பதில் டீ பில் இருக்கிறது, பின்னால் வரிசை இருக்கிறது, அவுட் ஆனால் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். விதிக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது. வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்த விதி வெறும் தண்டனை. பழைய பாணி என்பதற்காக அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது எங்கள் தவறு. வீட்டுப் பதிப்பில் இப்போது எட்டிய ஸ்டேஜிலிருந்தே தொடங்கலாம். பேக்கரியில் மாற்றவில்லை.

வர்க்கித் தூளும் மின்வெட்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வர்க்கி கையால் தொட்டாலே உதிரும். அந்தத் தூளும் நெய்ப்பிசுக்கும் பட்டன் இடுக்கில் இறங்கி, அழுத்திய பட்டன் மேலே வராமல் நின்றது. வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். ஈரத்தில் உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்சின் தொடுமுனைகள் கறுத்து, "டிக்" என்று சத்தம் வந்தும் குண்டு போகாது. இதுவரை இரண்டு சுவிட்ச் மாற்றியாயிற்று. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாக இருக்கும். அக்டோபரில் மரம் விழுந்து மின்சாரம் போனபோது ஸ்கோர் பட்டியல் முழுதும் அழிந்தது. ஆட்டத்தை மூடும்போதுதான் பட்டியல் சேமிக்கப்படும் என்று எழுதியிருந்தாள். ஆரம்பகால மெஷின்கள் பலவற்றிலும் மின்சாரம் போனால் ஸ்கோர் போய்விடும்தான். ஆனால் காலையில் வந்து வெற்றுப் பட்டியலைப் பார்த்து நின்ற அந்தப் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்தேன். இப்போது பெயர் போட்ட அடுத்த கணமே சேமிக்கிறது.

இடது ஓரத்து ஆன்டெனா

ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கப்பலுக்கு மேலே நாலு கேடயம் இருக்கும், குண்டு பட்டுப் பட்டுக் கரையும். எங்கள் விளையாட்டில் கேடயத்துக்குப் பதில், கப்பலுக்குக் கீழே நாம் காக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஊட்டி முத்தோரையில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கி. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 வளைந்த சட்டங்கள் தாங்கும் ஆன்டெனா. அதைச் சமதரையில் கட்டாமல் மலைச்சரிவில் கட்டியதற்குக் காரணம் உண்டு. அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. சரிவும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது, ஒரே திசையில் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளைப் பின்தொடரலாம். அக்கா மகள் சிறுவயதில் பள்ளிச் சுற்றுலாவில் போய்ப் பார்த்தது. அந்தச் சரிவையும் அப்படியே வரைந்தாள், இடது ஓரம் உயரம், வலது ஓரம் தாழ்வு. 24 சட்டமும் உடைந்தால் ஆட்டம் முடியும்.

நவம்பரில் ஒரு மாலை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பட்டியலில் எப்போதும் முதல் மூன்றுக்குள் இருப்பவள், ஆட்டம் முடிந்து திரும்பினாள். வழக்கம்போலக் கேட்டேன்.

"இடது பக்கம் ஆன்டெனா போயிடுச்சுங்கண்ணா. எப்பவுமே அங்கதான் முதல்ல உடையுது. குண்டால இல்ல. பூச்சியே வந்து இடிக்குது. வலது பக்கம் இடிக்காமத் திரும்பிடுது."

நோட்டில் எழுதிவிட்டு அக்கா மகளுக்குப் போன் செய்தேன். அவள் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். பாய்ந்து வரும் பூச்சி ஒரு குறிப்பிட்ட உயரத்தில் திரும்பிவிட வேண்டும் என்று ஒரே எண் கொடுத்திருக்கிறாள். 240 புள்ளி அகலத்தில் 11 டிகிரி சரிவு என்றால் இரண்டு ஓரத்துக்கும் ஏறத்தாழ 47 புள்ளி உயர வித்தியாசம். வலப்பக்கம் அந்தத் திரும்பும் இடம் ஆன்டெனாவுக்கு மேலே இருக்கிறது. இடப்பக்கம் ஆன்டெனாவுக்குள்ளேயே இருக்கிறது. ஏழு மாதம் நாங்கள் இருவரும் பார்க்காததை அந்தப் பெண் பார்த்திருக்கிறாள்.

"மாமா, ஒரு வரிதான். ராத்திரியே சரி பண்ணிடறேன்" என்றாள்.

"வேண்டாம் கண்ணு, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றேன். மறுநாள் அந்தப் பெண் டீ வாங்கிக்கொண்டு வந்தாள். ஆட்டம் தொடங்கியதும் கப்பலை நேராக இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். முதல் பூச்சி சரிவை நோக்கிக் குனிந்தது. அவள் பட்டனில் விரலை வைத்தபடி, சுடாமல், அது கிட்டே வரட்டும் என்று காத்திருந்தாள்.